எண்பது வயதில் சுகர் மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது எப்படி

என் மாமியாருக்கு வயது 82. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.1 என்று லேப் ரிப்போர்ட் வந்தால் சொந்தக்காரர்கள் எல்லாம் "சூப்பர் கண்ட்ரோல்" என்பார்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 6.1 என்பது ஏறத்தாழ 128 சராசரி. சராசரிதானே, மத்தியானம் 190, விடிகாலை 60 என்று ஏறி இறங்கினாலும் பேப்பரில் அழகாகத்தான் தெரியும்.

அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலில் தெம்பாக நடமாடும் முதியவருக்கே இலக்கு 7 முதல் 7.5-க்குள்தான். கூடவே இதயம், கிட்னி, மறதி என்று பல தொந்தரவுகள் இருந்தால் 8 வரை போகலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எண்ணைப் பார்க்கவே வேண்டாம், சுகர் ரொம்ப இறங்காமலும் ஏறித் தொந்தரவு தராமலும் இருந்தால் போதும் என்கிறார்கள். அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில் 6-க்குக் கீழே இறக்கப் பார்த்த பிரிவில் இறப்பு கூடியதால், 2008-ல் அந்தப் பிரிவின் கடும் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதில் இருந்தவர்களின் சராசரி வயதே 62-தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டுங்கள். பிராண்டு பெயரை விடுங்கள், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சுகர் டாக்டர் எழுதிய அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் இருந்தன. இடுப்பெலும்பு முறிந்து வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது கொடுத்த அட்டை வேறு பெயர், வேறு நிறம். உள்ளே அதே கிளிமிபிரைடு! மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகளையும் இதே பட்டியலில் சேர்த்து எழுதுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவை மூன்றில் ஏதாவது பட்டியலில் இருந்தால் அதற்குக் கீழே கோடு போடுங்கள். சுகரை அளவுக்கு மீறி இறக்குபவை பெரும்பாலும் இவைதான். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் அவ்வளவு இறக்காது. கிட்னி மந்தமாகிவிட்டால் கோடு போட்ட மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், சுகரை இன்னும் இறக்கும். கிளிபென்கிளமைடை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லிப் பல வருடங்களாகின்றன.

அடுத்தது குளுக்கோமீட்டர். காலை வெறும் வயிற்றில், ராத்திரி படுக்கும்முன், நடுவில் சில நாள் விடிகாலை மூன்று மணிக்கும் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதோடு எழுதுங்கள். 70-க்குக் கீழே போனால் லோ, 54-க்குக் கீழே ஆபத்து. திடீரென்று வியர்க்கிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா, என்னை நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "வயசாயிடுச்சு" என்று விடுவதற்கு முன் ஒரு ஸ்ட்ரிப்பைச் செலவு பண்ணுங்கள்.

லோ என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அட்டையில் வோக்லிபோஸ் என்று இருந்தால் வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு போட்டவருக்கு ஒரு தடவை சரியான பிறகும் அன்றைக்குள் மறுபடி இறங்கலாம். அதனால் டாக்டரிடம் சொல்லாமல் தூங்கப் போகாதீர்கள்.

இந்தப் பட்டியலும் நோட்டும் கையில் இருந்தால் டாக்டரிடம் பேசுவது சுலபம். "மாத்திரை ஜாஸ்தி கொடுத்துட்டீங்க" என்று ஆரம்பித்தால் அவர் முகம் சுருங்கிவிடும். நான் கேட்டது இப்படி: "டாக்டர், அத்தை வயசுக்கு எவ்வளவு இருந்தா போதும்? இப்ப இருக்கிற கிட்னிக்கு இந்த டோஸ் சரியா? காலையில சாப்பிடலன்னா இதைப் போடலாமா?" அவர் நோட்டில் விடிகாலை எண்களைப் பார்த்தார், கிளிமிபிரைடை அடித்தார், மெட்ஃபார்மினை விட்டுவைத்தார். அடித்ததைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த அட்மிஷனில் பழைய மருந்து திரும்பவும் வந்துவிடும்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக இன்சுலினை. குறைத்த பிறகும் மீட்டர் பார்க்க வேண்டும். தொடர்ந்து 250-க்கு மேல் போனாலோ, தாகமும் சிறுநீரும் கூடினாலோ உடனே போய்ச் சொல்லுங்கள்.

டெஸ்ட் விஷயத்தில் எனக்கு ஒரே கேள்விதான்: "ரிசல்ட் எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" மாறாது என்றால் அந்த பேக்கேஜ் வேண்டாம். கண், பாதம், கிட்னி பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். மெட்ஃபார்மின் பல வருடமாக ஓடினால் வைட்டமின் பி12-ம் பாருங்கள். தெம்புக்கு என்று ஏற்றும் டிரிப் பாட்டிலுக்குப் பதில் ஒரு முட்டை கொடுக்கலாம்.

இப்போது அத்தையின் எச்பிஏ1சி 7.6, அதாவது ஏறத்தாழ 170 சராசரி. சென்னையில் இருக்கும் நாத்தனார் போனில் "170 இருக்கே, டாக்டரை மாத்து" என்றார். விடிகாலை எண்கள் இருந்த நோட்டுப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அத்தைக்கு இப்போது ராத்திரியில் வியர்ப்பதில்லை, காலையில் இரண்டு இட்லிக்கு மூன்றாகக் கேட்கிறார்.