ஊர்க் கிணறுகளை அளக்கலாம் வாங்க: ஒரு கயிறும் ஒரு நோட்டும் போதும்

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி ஓமலூர்ப் பக்கமாக வரும் சரபங்கா ஆறு வறண்டு கிடக்கும் மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: "உங்க கிணத்துல எவ்வளவு நிக்குது?" பதில் எப்போதும் உத்தேசம். "ரெண்டு ஆள் மட்டம் இருக்கும்" என்பார்கள். அப்படியொரு உத்தேசத்தை நம்பி வாழை வைத்து, சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறேன். தடுப்பணையும் பண்ணைக்குட்டையும் வேண்டும்தான். அதற்கும் முன்னால் இருப்பதை அளக்க வேண்டும், அதுவும் ஊராகச் சேர்ந்து. இங்கே அடியில் கெட்டிப் பாறை. மேலே உதிர்ந்த பாறையிலும் கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர் நிற்கிறது. ஒரே விரிசல் நாலு பேர் கிணற்றுக்கும் ஊட்டலாம்.

1. கிணறு தேர்வு. எட்டுப் பத்துக் கிணறு போதும். மலையடிவாரத்தில் சில, ஊர் நடுவில் சில, ஏரிக்குக் கீழே சில. உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. கயிறு. பருத்திக் கயிறு நனைந்தால் நீளம் மாறும், நைலான் எடுங்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டால் அளவு குறையும், அதனால் பெயிண்ட் கோடு போடுங்கள். நுனியில் ஒரு பக்கம் மூடிய அரை அடி இரும்புக் குழாயை, திறந்த வாய் கீழே இருக்கும்படி கட்டுங்கள். தண்ணீரைத் தொட்டதும் 'தொபுக்' என்று சத்தம் கேட்கும். இருட்டுக் கிணற்றிலும் ஏமாற மாட்டீர்கள். அளப்பதற்காக யாரும் உள்ளே இறங்கவே கூடாது. பழைய கிணறுகளில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு.

3. குறி. கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் சிவப்புப் பெயிண்ட் வையுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளந்து, சுவரின் உயரத்தைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

4. நாள். பௌர்ணமி என்றால் யாருக்கும் மறக்காது. காலையில், மோட்டார் போடுவதற்கு முன். இரவில் கரண்ட் வந்து மோட்டார் ஓடியிருந்தால் அன்று விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். மழையையும் குறியுங்கள்: நேரான சுவருள்ள ஒரு பாத்திரம், திறந்த வெளி, தினமும் காலை 8.30 மணி.

5. ஊற்று கணக்கு. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் ஒருமுறை அளங்கள், விடிந்ததும் ஒருமுறை. 30 அடிக்கு 30 அடி சதுரக் கிணறு, ராத்திரியில் 4 அடி ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 × 30 × 4 = 3,600 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக ஏறத்தாழ 1,02,000 லிட்டர். கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் 3,630 கன அடி. அதாவது ஒரு ராத்திரி ஊறியது முழுவதும் ஒரே ஏக்கருக்கு ஒரே அங்குலம்! முதல்முறை இதை நோட்டில் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கோடையில் ஊற்று இன்னும் குறையும், அப்போது மறுபடி அளங்கள்.

6. பலகை. அளவுகளையும் ஊற்று கணக்கையும் பால் சொசைட்டி சுவரிலோ ரேஷன் கடை பக்கத்திலோ பெரிதாக எழுதுங்கள். அப்புறம், தை பிறந்ததும் கிணற்றுக்காரர்களைக் கூட்டி உட்காருங்கள். மழையும் சேர்த்து, ஒரு போகத்துக்கு நெல்லுக்குச் சுமார் 48 அங்குலம் தண்ணீர் வேண்டும், கேழ்வரகுக்குச் சுமார் 14. பலகையில் உள்ள ஊற்று கணக்குக்குப் பக்கத்தில் இந்த இரண்டையும் எழுதிவிட்டு, யார் எத்தனை ஏக்கர் என்ன வைப்பது என்று பேசுங்கள். ஆழ்துளைக் கிணறு போட நினைப்பவரும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லட்டும். நோட்டுக்கு இரண்டு நகல் வையுங்கள், ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.