கை அசைப்பது உதவிக்கா, சுண்டலுக்கா? மாடலுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி

கடலூர் சில்வர் பீச்சில் தண்ணீரில் நிற்கும் ஒருவர் கையைத் தூக்கி ஆட்டினால், உதவி கேட்கிறாரா, கரையில் போகும் சுண்டல்காரரைக் கூப்பிடுகிறாரா என்று ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு மாடலால் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலால்) சொல்ல முடியாது. அசைவைப் பார்க்க வேண்டும். அதனால் வீடியோவை இரண்டிரண்டு விநாடித் துண்டுகளாக வெட்டுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்) என்றால் துண்டுக்கு 60.

அப்புறம் படத்தில் தோள், முழங்கை போன்ற இடங்களைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் போஸ் என்ற ஆயத்த மாடலை ஓட்டினால் ஃபிரேமுக்கு 33 உடல் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை அப்படியே உங்கள் மாடலுக்கு ஊட்டாதீர்கள். தோள்களின் நடுவை மையமாக்கி, தோள் அகலத்தால் வகுங்கள், இல்லாவிட்டால் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவரும் தூரத்தில் நிற்பவரும் வேறு வேறு வேலை செய்வதாக மாடல் நினைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பினால் தோள் அகலம் சுருங்கும், ஆகவே அந்தத் துண்டில் கிடைத்த அதிகபட்ச அகலத்தையே எடுங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: உண்மையிலேயே மூழ்குபவரால் பெரும்பாலும் கை அசைக்கவோ கத்தவோ முடியாது, உடல் நேராக நிற்க, கைகள் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அழுத்தும். அதனால் உதவிக்கு அசைப்பது, சுண்டலுக்கு அசைப்பது என்ற இரண்டோடு அதையும் தனி வகையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடலுக்குக் காட்ட இவற்றை நடித்துப் படமெடுப்பதை நீச்சல் குளத்தில் மட்டும், நீச்சல் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள், கடலில் வேண்டவே வேண்டாம்.

சரி, பயிற்சிக்கு ஒரு சின்ன எல்எஸ்டிஎம் (வரிசையாக வரும் தரவை நினைவில் வைத்துக் கற்கும் நரம்பு வலைப்பின்னல்) போதும். ஒரே ஆளின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால் வரும் மதிப்பெண் பொய், ஆள்வாரியாகப் பிரித்து வையுங்கள்.