காட்டாமணக்கு: வேலியிலும் தொட்டியிலும் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செம்மண் நிலத்துக்கு வேலி என்றால் காட்டாமணக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நடுவது வழக்கம், ஏனென்றால் ஆடு அதில் வாய் வைக்காது. ஆடே ஒதுக்குகிற செடியைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கவனமில்லாமல் விடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

அதன் விதை கசக்காது, கடித்தால் கடலைப்பருப்பு மாதிரி இருக்கும், அதனால் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்தமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, பேதி என்று உடம்பில் உள்ள நீரெல்லாம் போய்விடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கைவைத்தியமும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், தின்ற காயில் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். வறுத்தால் விஷம் போய்விடும் என்பதும் தப்பு. குர்சின் என்ற நச்சுப் புரதம் சூட்டில் கெடும், ஆனால் கூடவே இருக்கும் போர்பால் எஸ்டர் என்ற இன்னொரு நச்சு சாதாரணச் சூட்டுக்கு அசையாது. அதனால்தான் எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக்கூடாது, மரத்துக்கு உரமாகப் போடலாம்.

அடுத்தது ஆளை மாற்றிப் பார்ப்பது. ஆமணக்கு வேறு பேரினம். அதன் காயில் முள் முள்ளாக இருக்கும், காட்டாமணக்குக் காய் வழவழப்பானது. கண்மாய்க்குள் ஊதாப் பூவோடு அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கோ இந்தக் குடும்பமே இல்லை, அது தாளிக்கொடியின் இனம். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் விபரீதம்தான்.

வீட்டில் அழகுக்கு வைக்கும் சிவப்புப் பூச்செடியும், அடிப்பகுதி உப்பிய குட்டைச் செடியும் இதே பேரினம்தான், அவற்றின் காயும் பாலும்கூட ஆகாது. இவற்றை முற்றத்தில் வைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மறக்காமல் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டும், அதில் நின்றால் வேர் அழுகிவிடும். மழை போனதும் திரும்ப வெயிலுக்குக் கொண்டுவாருங்கள், நிழலிலேயே வைத்தால் சிவப்புப் பூச்செடி சரியாகப் பூக்காது. மழைக்காலம் முடிந்து குட்டைச் செடி இலை உதிர்த்தால் செத்துவிட்டது என்று பயந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது ஓய்வெடுக்கிறது, அடிப்பகுதியிலேயே நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் அதைக் கொல்லும்.

இன்னொரு விஷயம், 2003-ல் திட்டக்குழு பயோடீசலுக்கு இந்தச் செடியைப் பரிந்துரைத்ததிலிருந்து தரிசு நிலத்தில் நட்டால் தானாகக் காசு கொட்டும் என்ற பேச்சு நிறைய நடந்தது. வறட்சியில் செடி உயிரோடு நிற்கும், உண்மைதான். ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் காய் பெரிதாகப் பிடிக்காது. எங்கள் பக்கத்து வானம் பார்த்த பூமியை நம்பி யாராவது கன்று விற்க வந்தால், காய்ப்பில் இருக்கும் தோட்டத்தையும் காயை வாங்குகிற ஆளையும் நேரில் காட்டச் சொல்லுங்கள்.

போத்து வெட்டியதும் ஈரத்தோடு நடாதீர்கள், நிழலில் சில நாள் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின் நடுங்கள். வெட்டும்போது பழைய துணி கட்டிக்கொள்ளுங்கள், பால் பட்ட கறை போகாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.