குளிர்கால உறக்கம்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்கால உறக்கம் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை இதுதான்: குளிர் வருகிறது, இரை கிடைப்பதில்லை, விலங்கு வளைக்குள் சுருண்டு மாதக்கணக்கில் தூங்குகிறது, மூளை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது, வெயில் ஏறியதும் எழுந்து வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அநேகமாக ஒவ்வொரு துண்டிலும் பிழை இருக்கிறது. எப்போது படுப்பது, உடலை எதுவரை குளிரவிடுவது, எப்போது மறுபடி சூடாக்குவது எல்லாமே மூளையின் கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் மற்ற தப்புகள் தானாக வந்து சேரும்.

குளிர்தான் காரணம் என்பது

1957இல் பெங்கெலி, ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். வட அமெரிக்கத் தரை அணில்களை ஓர் அறைக்குள் வைத்தார்கள். அங்கே வெப்பநிலையும் மாறாது, விளக்கு எரியும் நேரமும் மாறாது. வெளியே கோடையா பனியா என்று அறிய அணில்களுக்கு வழியில்லை. ஆனாலும் அவை கொழுத்தன, உறக்கத்தில் இறங்கின, எழுந்தன. பின்னால் நடந்த நீண்டகால ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: இந்தச் சுற்று 365 நாள் அல்ல, அதற்குச் சற்றுக் குறைவு. இதுதான் நல்ல தடயம். வெளியிலிருந்து ஏதாவது ஒரு குறிப்பு அறைக்குள் கசிந்திருந்தால் சுற்று ஓராண்டோடு ஒட்டியிருக்கும். ஒட்டாமல் விலகிப் போனதால்தான் காலண்டர் உடலுக்குள்ளேயே ஓடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

குளிரே தேவையில்லை என்பதற்கு, வெப்பமண்டலத் தீவான மடகாஸ்கரில் வாழும், குரங்குக்கு உறவான கொழுத்த வால் குட்டி லீமர் சாட்சி. ஆண்டில் சுமார் ஏழு மாதம் அது மரப்பொந்துகளில் உறங்குகிறது. பொந்து வெயிலில் சூடேறினால் லீமரின் உடலும் 30 டிகிரிக்கு மேல் போகிறது, இரவில் இறங்குகிறது. காதரின் டௌஸ்மன் குழுவினர் 2004இல் இதை வெளியிட்டார்கள்.

சரி, அப்படியானால் குளிருக்குப் பங்கே இல்லையா? அப்படி மறுபக்கம் சாய்வதும் தப்பு. உள்ளே ஓடும் காலண்டரை வெளிச்சூழல் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். அலாஸ்காவில் ஆர்க்டிக் தரை அணில்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023இல் வந்தது. மண் சூடாகச் சூடாகப் பெண் அணில்கள் உறக்கத்தை முன்கூட்டியே முடிக்கின்றன; மாற்றம் 10 நாள் வரை போயிருக்கிறது. ஆண்கள் அசையவில்லை. ஆண்கள் எப்போதும் வசந்தத்துக்கு முன்பே உடலைச் சூடாக்கிக்கொண்டு, சேர்த்து வைத்த இரையைத் தின்றபடி வளைக்குள்ளேயே இருப்பவை. விந்தகங்கள் முதிர அந்த அவகாசம் வேண்டும். ஒரே இனம், ஒரே மண், ஆனால் ஆணின் மூளை ஒரு கணக்கில் போகிறது, பெண்ணின் மூளை வேறொரு கணக்கில் போகிறது.

மெலடோனினைத் தூக்க ஹார்மோனாக மட்டும் பார்ப்பது

மாத்திரை விளம்பரங்களின் புண்ணியத்தில் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. வெள்ளெலியை (ஹாம்ஸ்டர்) பாருங்கள். அது இரவில் நடமாடும் விலங்கு. அதன் உடலிலும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. ஓடியாடும் நேரத்தில் சுரக்கும் ஒன்றைத் தூக்க ஹார்மோன் என்று எப்படிச் சொல்வது? அது சொல்வது ‘இப்போது இரவு’, அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் சுரந்தது என்பதை வைத்து மூளை இரவின் நீளத்தை அளக்கிறது. இரவு நீண்டுகொண்டே போனால் குளிர்காலம் வருகிறது என்று பொருள்.

செய்தி போகும் பாதையும் பலர் நினைப்பதுபோல் மேலிருந்து கீழ் மட்டும் அல்ல. விழித்திரையிலிருந்து மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள கடிகாரத்துக்கு, அங்கிருந்து மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்கு. பினியல் சுரக்கும் மெலடோனின், பிட்யூட்டரி சுரப்பியின் காம்புப் பகுதியில் உள்ள செல்களைத் தொடுகிறது. பிட்யூட்டரி ஹைப்போதலாமஸின் சொல்லைக் கேட்டு நடக்கும் சுரப்பி என்றுதான் படித்திருப்போம். இங்கே அது திருப்பி மேலே பேசுகிறது: இந்தச் செல்கள் வெளியிடும் ஹார்மோன் ஹைப்போதலாமஸுக்கு ஏறி, அங்கே தைராய்டு ஹார்மோனின் வீரியமுள்ள வடிவம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அது குறைந்தால் சைபீரிய வெள்ளெலியின் விந்தகங்கள் சுருங்குகின்றன, உரோமம் வெளுக்கிறது, எடை இறங்குகிறது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலின் நீளம் ஒன்றுதான். நீளத்தை மட்டும் அளக்கும் மூளை ஏமாந்துவிடும். அதனால் முந்தைய வாரங்களில் பகல் வளர்ந்ததா தேய்ந்ததா என்பதும் கணக்கில் சேர்கிறது. அப்புறம், குறுகிய பகலிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் வெள்ளெலி ஒரு கட்டத்தில் அந்தச் செய்தியைச் சட்டை செய்வதில்லை. விந்தகங்கள் தாமாகவே வளரத் தொடங்கும். வளைக்குள் இருட்டில் கிடக்கும் விலங்குக்கு வசந்தத்தை அறிவிக்க யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

பறவைகளுக்கு இந்தப் பாதையை அப்படியே ஒட்டவைக்காதீர்கள். அவற்றின் இனப்பெருக்கக் காலத்தைத் தீர்மானிக்க மெலடோனினோ கண்களோ கட்டாயமில்லை. மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியை மூளையின் ஆழத்தில் உள்ள செல்களே நேரடியாக உணர்கின்றன.

ஒரே மூச்சில் வசந்தம் வரை தூங்குகிறது என்பது

இது எல்லாவற்றிலும் பரவலான தப்பு. ஆர்க்டிக் தரை அணில் இரண்டு மூன்று வாரம் குளிர்ந்து கிடக்கும். பிறகு, வெளியே எதுவும் மாறாமலே, வெப்பம் உண்டாக்குவதற்கென்றே உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்து உடலைச் சுமார் 36 டிகிரிக்கு ஏற்றும். ஒரு நாளுக்கும் குறைவாக அந்தச் சூட்டில் இருந்துவிட்டு மறுபடி இறங்கும். குளிர்காலம் முழுக்க இப்படித்தான். சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி கரைவது இந்தச் சில மணி நேரங்களில்தான்.

இத்தனை செலவு செய்து எழுந்து என்ன செய்கிறது? பெரும்பாலும் தூங்குகிறது! தரை அணில்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தவர்கள் 1991இல் கண்டது இது. ஆழ்ந்த குளிரில் மூளை அலைகள் ஏறக்குறைய தட்டையாகிவிடும். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. உடல் சூடேறிய பிறகுதான் உண்மையான ஆழ்துயில் வருகிறது. அப்படியானால் தூக்கப் பாக்கியைத் தீர்க்கத்தான் எழுகிறது என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். எழுந்த அணிலைத் தூங்கவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். சாதாரணத் தூக்கக் கடனாக இருந்தால் பின்னால் வட்டியோடு திரும்பி வரும், இங்கே வரவில்லை. நரம்புச் செல்களின் கிளைகள் குளிரில் சுருங்கி, சூடானதும் சில மணி நேரத்தில் மறுபடி வளர்வது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

விழிப்புகளை எண்ணி எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும் என்பதற்கு வௌவால்கள் உதாரணம். 2006இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் பதிவான வெண்மூக்கு நோய் ஒரு பூஞ்சையால் வருவது. நோய் கண்ட வௌவால்கள் அடிக்கடி விழித்துக்கொள்கின்றன, வசந்தத்துக்கு முன்பே கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. உறங்கும் வௌவால் குகைக்குள் டார்ச்சோடு போகாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

உடல் தானாகக் குளிர்ந்துவிடுகிறது என்பது

பனியில் சிக்கிய மனிதனின் உடல் குளிர்வதும் இதுவும் ஒன்றல்ல. அறை ஹீட்டரை 25இலிருந்து 5க்குத் திருப்பி வைப்பது போன்றது குளிர்கால உறக்கம். ஹீட்டர் பழுதாகவில்லை, இலக்குதான் மாறியிருக்கிறது. ஹெல்லர் குழுவினர் 1970களில் உறங்கும் அணிலின் ஹைப்போதலாமஸை மட்டும் மெல்லக் குளிரூட்டினார்கள். ஒரு அளவுக்குக் கீழே போனதும் உடல் வெப்பத்தை உண்டாக்கத் தொடங்கியது.

பிரையன் பார்ன்ஸ் 1989இல் வெளியிட்ட அளவுகள் இன்னும் சுவையானவை. அலாஸ்காவில் பிப்ரவரியில் வளையைச் சுற்றிய மண் சராசரியாக மைனஸ் 6 டிகிரிக்கு இறங்கியபோது, அணில்களின் வயிற்று வெப்பநிலை சராசரியாக மைனஸ் 1.9இல் நின்றது. மிகக் குறைந்த பதிவு மைனஸ் 2.9. இரத்தத்தில் உறைதடுப்புப் பொருள் எதுவும் இல்லை, ஆனாலும் உடல் உறையவில்லை. ஆய்வகத்தில் இன்னொன்றும் தெரிந்தது: குடல் பகுதி பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் நெஞ்சுப் பகுதி மேலேயே இருந்தது. ‘உடல் உறைந்துவிடுகிறது’ என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

இதே காரணத்துக்காகக் கரடியை எல்லாவற்றுக்கும் மாதிரியாக வைக்காதீர்கள். கருங்கரடியின் உடல் 30 டிகிரிக்குக் கீழே போவதில்லை, ஆனால் ஆற்றல் செலவு கால்வாசியாகிவிடுகிறது. குளிர்ச்சிதான் செலவைக் குறைக்கிறது என்ற விதி இங்கே உடைகிறது. அதற்காகக் கரடி உறங்குவது போலி என்று தள்ளுவதும் சரியில்லை.

மூளையில் ஒரே சுவிட்சைத் தேடுவது

2020இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகக் குழுவும் ஹார்வர்டு குழுவும் தனித்தனியே ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் சில நரம்புச் செல்களைக் கண்டார்கள். சுகுபா குழு அவற்றைத் தூண்டியதும் சுண்டெலிகளின் உடல் வெப்பமும் ஆற்றல் செலவும் இரண்டு நாளுக்கும் மேல் தாழ்ந்து கிடந்தன. குளிர்கால உறக்கமே கொள்ளாத பெரிய எலிகளிலும் இது வேலை செய்தது. உடனே விண்வெளிப் பயணிகளை உறங்கவைத்து அனுப்பும் செய்திகள் கிளம்பிவிட்டன.

கண்டுபிடிப்பு பெரியதுதான், சந்தேகமில்லை. ஆனால் சுண்டெலிக்குக் காலண்டர் உறக்கம் கிடையாது; பட்டினி கிடந்தால் சில மணி நேரம் குளிரும், அவ்வளவுதான். ஆர்க்டிக் அணிலில் நடந்த சோதனை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2011இல் வெளிவந்தது அது. மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருளை உணரும் ஏற்பியைத் தூண்டும் ஒரு மருந்தை அணில்களுக்குக் கொடுத்தார்கள். நடுக் குளிர்காலத்தில் எல்லாமே உறக்கத்தில் இறங்கின. பருவத் தொடக்கத்தில் சில மட்டும் இறங்கின. கோடையில் அதே மருந்துக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.