கிணற்றடியில் இயற்பியல்: விசை, எதிர்விசை, வேலை

மேசை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் எடைக்கு எதிர்விசை எது? "மேசை மேலே தள்ளுகிறதே, அதுதான்" என்று பலரும் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தவறு. ஏன் தவறு என்று பார்க்க ஒரு கிணறும் கப்பியும் வாளியும் போதும்.

படி 1: விசையைக் கணக்கிடுங்கள்

தண்ணீரோடு சேர்த்து வாளி 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோ என்பது நிறை. அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசைதான் எடை: கிலோவுக்கு 9.8 நியூட்டன் (விசையின் அலகு) வீதம், 10 × 9.8 = 98 நியூட்டன். வாளி ஒரே சீரான வேகத்தில் மேலே வர, கயிறும் அதை 98 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும். (வாளி தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகான கணக்கு இது. உள்ளே இருக்கும்வரை மிதப்பு விசை கைகொடுக்கும். வெளியே வந்ததும் சட்டென்று கனப்பதைச் சேந்தியவர்கள் அறிவார்கள்.)

படி 2: 'எது, எதை' என்று எழுதுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கயிறு வாளியை இழுக்கிறது. பெயர்களை இடம் மாற்றுங்கள்: வாளி கயிற்றை இழுக்கிறது. இதுதான் நியூட்டனின் மூன்றாம் விதி (ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையில் ஓர் எதிர்விசை உண்டு) சொல்லும் விசை-எதிர்விசை இணை. அப்படியானால் 'பூமி வாளியை இழுக்கிறது' என்பதற்கு இணை? வாளி பூமியை இழுக்கிறது, அதே 98 நியூட்டனில்! பூமியின் நிறை மிகப் பெரியது, அதனால் அசைவு தெரிவதில்லை.

கயிற்றின் இழுப்பும் பூமியின் இழுப்பும் இரண்டுமே வாளியின் மேல் விழுகின்றன, அதனால் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. மூன்றாம் விதி இணை எப்போதும் இரு வேறு பொருள்கள் மேல் விழும். அவை சமன்செய்துகொள்ள வழியே இல்லை. புத்தகத்தின் எடைக்கு இணையும் மேசையில் இல்லை. புத்தகம் பூமியை இழுப்பதுதான் அது.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு சுருள்வில் தராசுகளின் கொக்கிகளைக் கோத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுங்கள். எவ்வளவு பலசாலி இழுத்தாலும் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும்.

படி 3: வேலை

விசையை, அதன் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்குங்கள். வாளி 6 மீட்டர் ஏறினால் 98 × 6 = 588 ஜூல். பாதியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றால் தோள் கடுக்கும், வியர்க்கும். ஆனால் வாளி மேல் செய்த வேலை பூஜ்யம். செலவான ஆற்றலெல்லாம் தசைக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு பயிற்சி. கயிற்றை நேர் கீழாகப் பிடித்து வாளியை நிறுத்தி வைத்திருக்கும்போது, கப்பி தொங்கும் உத்தரம் 98 அல்ல, 196 நியூட்டன் தாங்குகிறது (கப்பி, கயிற்றின் எடை தனி). ஏன் இரட்டிப்பு? 'எது, எதை' என்று கப்பிக்கு எழுதிப் பாருங்கள்.