குரூடு ஆயில் டிரேடிங்ல நம்ம ஊர்க்காரங்க செய்யுற தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு வந்து எம்சிஎக்ஸ்ங்கிற சரக்குச் சந்தையில குரூடு (கச்சா எண்ணெய்) டிரேடிங் பாக்குறவங்க இப்ப நெறைய பேரு. ராத்திரி பதினொன்றரை வரைக்கும் மார்க்கெட் ஓடுறதால பகல் பொழப்பு கெடாது, வசதிதான். ஆனா வட்டிக் கணக்குல பைசா விடாம பேரேடு எழுதுன ஊரு, இங்க மட்டும் டிவில வர்ற செய்தியை நம்பி லாட் (சந்தையில வாங்குற அளவு) எடுக்குறதைப் பாத்தா மனசு கேக்கல.

"சண்டை வந்துருச்சுண்ணே, ஏறும், வாங்கிப் போடுங்க" இதுதான் பெரிய தவறு. 2019 செப்டம்பர் 14ல சவுதியோட அப்கைக் ஆலையில தாக்குதல் நடந்துச்சு, திங்கக்கிழமை பிரெண்ட் (உலகச் சந்தையில முக்கியமான கச்சா எண்ணெய் விலை) ஏறக்குறைய 15 சதவீதம் ஏறுச்சு, ஆலையைச் சீக்கிரம் சரி பண்றாங்கன்னு தெரிஞ்சதும் மாசக் கடைசிக்குள்ள பழைய விலைக்கே வந்துருச்சு. 2025 ஜூன்ல ஈரான் - இஸ்ரேல் சண்டையப்பவும் 81 டாலரைத் தொட்ட பிரெண்ட், சண்டை நிறுத்தம்னு சொன்னதும் 24ந்தேதி 67 பக்கம் முடிஞ்சுது, சண்டைக்கு முந்தின விலையை விடக் கம்மி. குண்டு விழுந்துச்சாங்கிறதை விட, கப்பல்ல போற எண்ணெய் நெசமாவே கொறஞ்சுச்சா, எத்தனை நாளைக்குக் கொறையும்னுதான் பாக்கணும். எண்ணெய் எடுக்குற நாடுகளோட கூட்டணியான ஓபெக் பிளஸ் உற்பத்தியைக் கொறைக்கிறோம்னு விடுற அறிவிப்பும் இதே கதைதான், பேப்பர்ல கொறைக்கிறது வேற, கெணத்துல கொறைக்கிறது வேற.

அடுத்தது புதன்கிழமை ராத்திரி. ஈஐஏங்கிற அமெரிக்க அரசு எரிசக்தித் தகவல் அமைப்பு விடுற எண்ணெய் ஸ்டாக் (இருப்பு) கணக்கு நம்ம நேரத்துக்கு 8 மணிக்கு வரும், அங்க குளிர்காலம்னா 9 மணி, அங்க திங்கக்கிழமை லீவுன்னா வியாழனுக்குத் தள்ளிப்போகும். ஸ்டாக் கொறஞ்சா விலை ஏறணும்தானேன்னு கண்ணை மூடிட்டு வாங்குவாங்க. 30 லட்சம் பேரல் கொறையும்னு மார்க்கெட் எதிர்பாத்து ஏற்கனவே ஏறி நிக்குதுன்னு வச்சுக்கங்க, வந்தது 10 லட்சம்தான் கொறைவுன்னா விலை எறங்கத்தான் செய்யும். கூடவே பெட்ரோல், டீசல் ஸ்டாக்கையும் பாக்கணும், குரூடு கொறஞ்சு பெட்ரோல் ஸ்டாக் எக்கச்சக்கமா ஏறிருந்தா வாங்குறவன் யாருன்னு யோசிங்க. மொத ரெண்டு நிமிஷம் மேலயும் கீழயும் அடிக்கும், அப்ப உள்ள போகாதீங்க.

டிவில பெரும்பாலும் பிரெண்ட் விலை சொல்லுவாங்க, எம்சிஎக்ஸ் குரூடு போறது டபிள்யூடிஐங்கிற அமெரிக்க எண்ணெய் விலை பின்னாடி. அதோட டாலர் - ரூபாயும் சேரும், அங்க ஒரு சதவீதம் எறங்கி இங்க ரூபாய் அரை சதவீதம் பலவீனமானா நம்ம ஸ்கிரீன்ல பாதி எறக்கம்தான் தெரியும். பங்க்ல பெட்ரோல் விலை மாறலையேன்னு குரூடைக் கணிக்கிறது சுத்தமா ஆகாது, அதுல வரி இருக்கு, எண்ணெய்க் கம்பெனிகளோட முடிவு இருக்கு.

எக்ஸ்பைரியை (அந்த மாசக் கான்ட்ராக்ட் முடியுற நாளை) கண்டுக்காம விடுறதுக்குத்தான் நான் ரொம்பப் பயப்படுறேன். 2020 ஏப்ரல் 20, எக்ஸ்பைரி நாள், லாக்டவுனால எம்சிஎக்ஸ் 5 மணிக்கே மூடிருச்சு, கடைசி விலை ஆயிரம் ரூபாய்க்குக் கீழ. அன்னிக்கு ராத்திரி அமெரிக்காவுல டபிள்யூடிஐ எண்ணெயை டெலிவரி எடுக்குற குஷிங் ஊரு டேங்க்ல எண்ணெய் வைக்க எடம் கெடைக்காம மே மாச டெலிவரிக்கான டபிள்யூடிஐ மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது, அதை வச்சு எம்சிஎக்ஸ் செட்டில்மென்ட் (கணக்கு முடிக்கிற விலை) மைனஸ் 2,884 ரூபாய். லாட்டுக்கு 100 பேரல், வாங்கி வச்சவங்களுக்கு லாட்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல போச்சு, மார்க்கெட் மூடிட்டதால வெளிய வரவும் வழியில்ல. புதுசா வர்றவங்க 10 பேரல் உள்ள மினியில ஆரம்பிங்க, எக்ஸ்பைரிக்கு மூணு நாலு நாள் முன்னாடியே பொசிஷனை (கையில இருக்குற லாட்டை) முடிச்சுட்டு அடுத்த மாசத்துக்கு மாறிருங்க.