குளிர்காலத்தில் பைக்கை நிறுத்தி வைக்கிறீர்களா? டயரைக் காப்பது இப்படித்தான்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கடலோரத்தில் ஜூலையிலும் பைக் ஓட்டலாம். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் விடியற்காலைப் புல்லெல்லாம் உறைபனி. அதனால் இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பைக்கைக் கராஜில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பேட்டரியைக் கவனிப்பார்கள்; டயரை மறந்துவிடுவார்கள்.

நானும் ஒரு வருடம் மறந்தேன். செப்டம்பரில் வண்டியை எடுத்தபோது பின்சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை 'தட்' என்று இடித்தது. மூன்று மாதம் தரையில் அழுந்தியிருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகியிருந்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்கட்டிகள்) தேயாத டயரைத் தூக்கி எறிய நேர்ந்தது. சென்ற மாதம் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பகுதிக்குக் குடிவந்த என் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கழுவுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எண்ணெயோ பெட்ரோலோ பட்ட இடத்தை விடாதீர்கள், அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். நன்றாக உலரட்டும். பளபளப்புத் திரவம் எதையும் பூச வேண்டாம். டயர் தயாரிக்கும்போதே ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். ஓடும்போது டயர் வளைந்து நெளிவதால் அது மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமல் காக்கிறது. நின்றுபோன டயரில் புது மெழுகு அவ்வளவாக மேலே வராது. இருப்பதையும் தேய்த்து எடுத்துவிட்டால் டயருக்குப் பாதுகாப்பு ஏது?

அடுத்தது காற்று. இதில் அவசரப்படாதீர்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் இறங்கும். இங்கே பகலில் 18, இரவில் பூஜ்யம் என்றால், ஓட்டை எதுவும் இல்லாமலே கிட்டத்தட்ட 0.2 பார் போய்விடும். காற்றுக் குறைந்த டயர் வண்டியின் எடையால் இன்னும் நசுங்கும். எனவே கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் 0.2 பார் கூடுதலாக நிரப்புங்கள். ஆனால் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிச்சென்றால் டயர் சூடாகி அளவு கூடக் காட்டும். சொந்தமாக ஓர் அளவுமானி வாங்கி, வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வால்வு மூடியை இறுக்கி மூட மறக்க வேண்டாம்.

இனி எடை. முடிந்தால் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சென்டர் ஸ்டாண்ட் மட்டும் இருந்தால் ஒரு சக்கரமாவது தப்பும். தரையில் நிற்கும் சக்கரத்துக்கு அடியில் ஒட்டுப்பலகையோ பழைய கம்பளமோ போடுங்கள், சிமெண்டுத் தரையின் ஈரமும் குளிர்ச்சியும் நேராக ஏறாது. சைட் ஸ்டாண்ட் மட்டுமே உள்ளவர்கள் வாரம் ஒருமுறை வண்டியை நகர்த்திச் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பிவிடுங்கள். ஆடி வெள்ளிகளில் கோயிலுக்குக் கிளம்பும் முன் திருப்பினால் மறக்காது என்றேன். "அப்போ சாக்பீஸால குறி போட்டுக்கிறேன் மாமா" என்று டயரில் ஒரு கோடு இழுத்தான் பையன். நல்ல யோசனை, நீங்களும் செய்யுங்கள்.

வெயிலையும் பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் மழை இல்லை, வானம் நிர்மலமாக இருக்கும், இந்த உயரத்தில் புற ஊதாக் கதிரும் கடுமை. சன்னல் வெயில் விழும் மூலை வேண்டாம். துணி உறை போடலாம்; பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். அதே கராஜில் வெல்டிங் செய்தால் ஓசோன் உண்டாகும், பைக்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

செப்டம்பரில் எடுக்கும்போது காற்றைக் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள். பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள்: வெடிப்பு வாய் திறந்தால் அந்த டயரில் ஓட்டாதீர்கள். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் 20 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். 'தட்' சத்தம் கேட்டால் கவனியுங்கள். டயர் சூடேறியும் நிற்கவில்லை என்றால் நேராக டயர் கடைக்குத் திருப்புங்கள்.